இறங்காத பந்தும் சங்கன்துறையின் மேனேஜரும்

சங்கன்துறை அணியின் ஜெனரல் மேனேஜர் எட்வின் சார் இடைவேளை நேரத்தில் வேலையை விட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் காரில் ஏறிப் போன அன்றைக்கு, ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே பாக்கியிருந்த சமயத்தில், மேலே போன பந்து கீழே வரவில்லை.

மீன் ஏலம் கூறுகிற எமில்டா கிழக்கு கேலரியின் முதல் வரிசையில் இருந்து அதைப் பார்த்தாள். நம்ம பக்கத்துப் பின்னாட்டக்காரன் ஓங்கி உதைத்தான், பந்து எழும்பியது, எதிரணி கோல் கம்பத்தை ஒட்டி நிற்கிற தென்னையின் கொண்டைக்கும் மேலே போனது, அங்கேயே நின்றது. கடல்காற்று அன்றைக்குப் பாய்மரத்தைக் கிழிக்கிற வேகத்தில் அடித்தது, பந்து அசையவில்லை. கேலரி மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் பிடரி வலித்தது. டீக்கடை வறுவேல், “வாறது வரட்டும், ஒரு சாயா குடிச்சிட்டு வருவோம்” என்றார். போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். பந்து அங்கேதான் இருந்தது.

நடுவர் தண்டாயுதம் திண்டுக்கல்காரர், சட்டத்தைப் பிசகாதவர். விசிலை வாயில் வைத்தவர் ஊதவே இல்லை. “பந்து கோட்டுக்கு வெளியே போனா ஊதலாம், கோலானா ஊதலாம், ஃபவுலானா ஊதலாம். பந்து ஆட்டத்துல இருக்கு, எதுக்குங்க ஊதறது?” என்றார். “அப்போ நேரம்?” என்று கேட்டார்கள். “யாரும் ஆடலையே, நேரம் எப்படிங்க ஓடும்? கடிகாரத்தை நிறுத்திட்டேன்” என்றார். அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை, பந்தையும்தான்.

சங்கன்துறைக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தது. ஜெயித்தால் முதல் டிவிஷனில் நீடிக்கலாம், இல்லையென்றால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். விசில் ஊதாத வரைக்கும் யாரும் யாரையும் இறக்க முடியாது. “அது மேல இருக்க வரைக்கும் நாமளும் மேல இருக்கோம்” என்று வறுவேல் சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது.

எதிரணியான வைகைக்கரை ரோவர்ஸ் பொழுது சாய்ந்ததும் மதுரைக்கு பஸ் ஏறிவிட்டது, ஆனால் ஆளில்லாத நேரத்தில் பந்து இறங்கி கோலாகிவிடக் கூடாதே என்று கோல்கீப்பர் சிக்கந்தரை மட்டும் விட்டுப் போனது. நம்ம ஆட்களும் சளைக்காமல் முறைவைத்து ஒரு ஆட்டக்காரனைக் கம்பத்துக்கு எதிரே நிறுத்தினார்கள். சிக்கந்தர் குடைபிடித்து உட்கார்ந்தான், கையுறையைக் கழற்றாமல் பீடி குடித்தான், வீட்டுக்கு போன் பேசினான். முதல் நாள் அவனை வண்டை வண்டையாகத் திட்டிய கிழக்கு கேலரிப் பெண்கள், அவன் வறட்டு பிரட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்பதைப் பார்த்ததும் மனசு பொறுக்காமல் சோறு கொண்டுவந்தார்கள். முதல் தூக்குவாளி எமில்டாவுடையது. சூரை மீன் குழம்பு. “எனக்க பகையாளியா இருந்தாலும் பட்டினியா இருக்கக் கூடாது, தின்னு மக்கா” என்றாள். அவன் கையுறையைக் கழற்றிய முதல் தடவை அதுதான். நடுவர் மட்டும், யாராவது நேராகச் சோறு கொடுத்தால் அது லஞ்சமாகிவிடுமோ என்று, கோயில் பங்குச்சாமியார் கையால் வாங்கித்தான் சாப்பிட்டார்.

அப்படியே நாளாக ஆக, பந்து ஊரின் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. கடலுக்குப் போகிறவர்கள் கோயில் கோபுரத்தையும் பந்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் கரை பிடித்தார்கள், அது கோபுரத்தை மட்டும் நம்புவதைவிடச் சுலபமாக இருந்தது. பஸ் கண்டக்டர்கள் மைதானத்து நிறுத்தத்தைப் ‘பந்தடி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு நாள் குறிக்கப் பிடிக்காத பையன்கள், “பந்து இறங்கட்டும், பாப்போம்” என்றார்கள். பந்தின் நிழல் விழுகிற இடத்தில் யாரோ மெழுகுவத்தி கொளுத்தினார்கள், பங்குச்சாமியார் பிரசங்கத்தில், “பெனால்டி ஏரியா ஆண்டவரின் பீடமல்ல” என்று கண்டித்தார், ஆனாலும் அந்தப் பக்கமாகப் போகும்போது அவரும் ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போனார். திருவனந்தபுரத்தில் இருந்து கருவிகளோடு நாலைந்து பேர் வந்தார்கள், அளந்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், வறுவேல் கடையில் புரோட்டாவும் மீன் குழம்பும் சாப்பிட்டு, புரோட்டா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏன் நிற்கிறது என்று சங்கன்துறையில் அதிகம் பேர் கேட்கவில்லை. மேனேஜர் இல்லாத அணியின் பந்து வேறு என்ன செய்யும்? அவர்களுக்கு இருந்த கேள்வி, அடுத்த மேனேஜர் யார் என்பது.

அணிக்கு முதலாளி, கயிற்று ஆலை வேதமாணிக்கம். அவர் யாரை நியமித்தாலும் ஊர் திட்டியிருக்கிறது. இந்த முறை அவர் மைதானத்துக்கு வந்து, மைக்கைப் பிடித்து, “இனி எனக்கு வசவு வாங்கத் தெம்பில்ல. நீங்களே ஒருத்தர எடுங்க. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் இங்க வந்து கை தூக்குங்க. எடுத்த ஆளைப் பிறகு திட்டணும்னா கண்ணாடியப் பாத்துத் திட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றையில் இருந்து ஊரில் வேறு பேச்சில்லை. கிழிந்த வலை பொத்துகிற இடத்தில் பேச்சு, குழாயடியில் பேச்சு, பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது பேச்சு. “ஜெனரல் மேனேஜருக்கு என்னலே வேல?” என்று ஒருவன் கேட்பான். “எவன வாங்கணும், எவன விக்கணும், எவனப் போதும் வீட்டுக்குப் போன்னு சொல்லணும், அதாம் வேல” என்று இன்னொருவன் சொல்வான். “அத எனக்க மாமியாளே செய்வாளே” என்பான் மூன்றாமவன்.

போட்டிக்கு மூன்று பேர் நின்றார்கள். ஜெர்மனியில் படித்த டாக்டர் பிளெஸ்ஸிங் முதலிலேயே கழன்றுவிட்டார். எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் விகிதம் சொல்கிறவர் அவர். “அப்போ இந்தப் பந்து இறங்கதுக்கு என்ன விகிதம் சார்?” என்று எமில்டா கேட்க, அவர் கேலரியில் உட்கார்ந்து தட்டத் தொடங்கி, பொழுது சாய்கிற வரைக்கும் தட்டி, மடித்து வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

மிச்சம் இரண்டு பேர். ஒருத்தி கோயம்புத்தூர் ஹேமலதா, ஒரு மில் அணியை அடிமட்டத்தில் இருந்து தூக்கி நிறுத்தியவள். காட்டன் சேலையும் ஓட்டக்காரர்களின் ஷூவுமாக ஏலக்கொட்டகைக்கே வந்து நின்றாள். மற்றவர் கிளீட்டஸ், சங்கன்துறையின் பழைய கேப்டன். ஊருக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்தவர், எந்த வீட்டு ஞானஸ்நானத்திலும் பிள்ளையை முதலில் கையில் வாங்குகிறவர், எமில்டாவின் கூடப்பிறந்த அண்ணன்.

ஏலக்கொட்டகையில் வறுவேல் ஹேமலதாவிடம் கேட்டார்: “வேலைக்கு வந்தா முதல் காரியம் என்ன செய்வீங்க மேடம்?”

“டெல்லஸை விப்பேன்” என்றாள் ஹேமலதா.

ஐஸ் பெட்டிகள் தவிர எல்லாமே கொதித்தன. டெல்லஸ் ஊரின் செல்லம், ஒன்றுக்கு ஒன்று என்பதில் நம்முடைய ஒன்று அவன் போட்டது. “எங்க பிள்ளைய விக்கதுக்கு நீ ஆரு?” என்று ஒரு கூட்டம் எழும்பியது. ஹேமலதா சத்தம் அடங்கும்வரை நின்றாள். “முழங்கால்ல ரெண்டு தரம் ஆபரேஷன் ஆயிருக்குங்க. இப்ப வித்தா அந்தக் காசுல ரெண்டு நல்ல பசங்கள எடுக்கலாம். அடுத்த வருஷம் வித்தா ஒரு மெழுகுவத்திதான் எடுக்கலாம்” என்றாள்.

எமில்டா தன் மேடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மீன் வாங்க வருகிறவன் எவ்வளவு வரைக்கும் வருவான் என்பது, அவன் கூடையை வைக்கிற விதத்திலேயே அவளுக்குத் தெரியும். இந்தப் பொம்பளை கூடையை வைத்த விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. அது பிடித்ததுதான் அவளுடைய சங்கடம்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கிளீட்டஸ் பெயரைச் சொன்னால் பந்து ஒரு சாண் இறங்குகிறது என்று வடக்குத் தெரு சொன்னது. ஹேமலதா பெயரைச் சொன்னால் இரண்டு சாண் என்று தெற்குத் தெருவில் கொஞ்சம் பேர் சொன்னார்கள். தென்னை மட்டையை அடையாளம் வைத்துப் பார்த்தார்கள், மட்டை விழுந்தபோது எதிர்க்கட்சியின் சதி என்றார்கள். மஸ்கட்டில் இருந்து எமில்டாவின் புருஷன் லாரன்ஸ் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான்: “எனக்க மச்சானுக்கு நீ கை தூக்கலேன்னா நான் லீவுக்கு வரமாட்டேன், கேட்டியா.” அவள் பதில் அனுப்பினாள்: “அப்போ அங்கேயே இருந்து கை தூக்கும்.”

ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனை அவளைவிட அறிந்தவர் யார்? ஒருதரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் அவளுக்குப் பதிலாக ஏலம் கூறப் போனார், கேட்டவன் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, எல்லோருடைய வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு வந்தார், படகுக்காரர்கள் அவள் வாசலில் நின்று அழுதார்கள். இன்னொருதரம் பதினேழு வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் எடுக்கச் சொன்னார்கள். வந்த எந்தப் பையனிடமும் ‘நீ வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, எல்லோரையும் எடுத்தார், எல்லோரையும் ஆட வைக்க நிமிஷத்துக்கொருமுறை ஆளை மாற்றினார், சொந்த அணியில் யார் யார் என்றே தெரியாமல் பையன்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துத் தோற்றார்கள். தோற்றுவிட்டு அத்தனை பேரும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்படிப்பட்ட மனுஷன்.

சனிக்கிழமை மத்தியானம் கிளீட்டஸ் அவள் வீட்டுக்கு வந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். ஆட்டத்தை விட்டபிறகு அவர் தேய்த்த சட்டை போட்டு அவள் பார்த்ததில்லை.

“நாளைக்கு நீ எனக்காண்டி ரெண்டு வார்த்த பேசணும் பிள்ளே. ஒனக்க சத்தம் கடல் வரைக்கும் கேக்கும்லா.”

அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. “அண்ணனுக்கு அந்த வேல எதுக்கு?”

“எதுக்கா? காலையில எந்திச்சா எங்க போவணும்னு தெரியல எமில்டா. அந்த வேல இருந்தா மைதானத்துக்குப் போலாம்லா.”

“மைதானத்துக்கு இப்பவும் போலாமே.”

“போலாம். போயி என்ன செய்ய?” என்றார் அவர். பிறகு அவள் வைத்த கட்டஞ்சாயாவைக் குடித்தார், நன்றாயிருக்கிறது என்றார், அதில் அவள் சீனி போட மறந்திருந்தாள். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவர் ஆமென்று எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையைப் பங்குச்சாமியாரே வேகமாக முடித்தார். மைதானம் நிறைந்து வழிந்தது. கம்பத்துக்கு முன்னால் சிக்கந்தர், அவனுக்கு எதிரே அன்றைய முறைக்காரனான டெல்லஸ், நடுவில் வாயில் விசிலோடு தண்டாயுதம், மேலே பந்து. வேதமாணிக்கம் மைக்கை நீட்ட, எமில்டா அது வேண்டாமென்று தள்ளினாள்.

“எனக்க அண்ணனப் பத்திப் பேசச் சொன்னாவ” என்று தொடங்கினாள். வடக்குத் தெரு கைதட்டியது. “எனக்க அண்ணன மாதிரி ஒரு மனுஷன் இந்தக் கடற்கரையில இல்ல. அவரு கேட்டா எனக்க கிட்னிய அறுத்துக் குடுப்பேன். ஆனா டீமைக் குடுக்க மாட்டேன்.”

கைதட்டல் பாதியில் நின்றது. சிக்கந்தர் கூடக் குடையைத் தாழ்த்தினான்.

“அவருக்கு வேண்டாம்னு சொல்ல வராது. அதனாலதான் நமக்கெல்லாம் அவரப் பிடிக்கு. அந்த வேலையே வேண்டாம்னு சொல்லுக வேலையாக்கும். நாளைக்கு நீங்க ஒவ்வொருத்தரும் ஒங்க மவனக் கூட்டிட்டு அவரு வாசல்ல போய் நிப்பிய. நானும் நிப்பேன். அவரு எல்லாரையும் எடுப்பாரு. பிறகு டீம் தோத்தா, நாம அவரத் திட்டுவோம். எனக்க அண்ணன இந்த ஊரு திட்டுகத எனக்குக் கேக்க முடியாது. கோயம்புத்தூர்க்காரியத் திட்டுங்க, அவ தாங்குவா. நான் அவளுக்குக் கை தூக்குகேன்.”

கையைத் தூக்கினாள். வெகுநேரம் அந்த ஒரு கைதான் இருந்தது. பிறகு கிழக்கு கேலரியில் ஒரு வளையல் சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் படகுக்காரர்கள் ஒவ்வொருவராக, பழைய ஏலத்தை நினைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கையைத் தூக்கினார்கள். தூக்கியதும் கலவரம் தொடங்கியது. “அவன் ரெண்டு கையத் தூக்குகான்!” “மஸ்கட் ஓட்டு செல்லுமா செல்லாதா?” “கைக்குழந்தை கைய நீயே பிடிச்சுத் தூக்குனா அது ஓட்டாலே?” டெல்லஸ் பழைய கேப்டனுக்காக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். நடுவர்கூடப் பழக்கதோஷத்தில் கைகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

கிளீட்டஸ் மட்டும் கைகளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, வேறெங்கும் பார்க்க இல்லாமல், பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆகவே அது இறங்கத் தொடங்கியதை அந்த மைதானத்தில் கண்டது அவர் ஒருவர்தான்.

சங்கன்துறையின் கேப்டனாக இருந்தவருக்கு, தலைக்கு மேல் இறங்குகிற பந்தைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவரே பிற்பாடு சொன்னார். வெளியாள் கால் பட்டால் எல்லாம் கெட்டுப்போகும். இரண்டு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு, “டெல்லசே! பந்துலே! பந்து!” என்று அலறினார்.

டெல்லஸ் திரும்பினான். பந்து தரையைத் தொடுவதற்கு முன்னால் அவன் கால் அதைத் தொட்டது. மேல் மூலைக்குப் பாய்ந்தது அது, அந்த அடியைக் கண்டவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசும்போது எழுந்து நிற்பார்கள். குடை ஒருபக்கம் பறக்க, பீடி ஒருபக்கம் பறக்க, சிக்கந்தர் தாவினான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தவன், புரண்டு எழுந்து, “பிடிச்சிட்டேன்! அக்கா, பிடிச்சிட்டேன்!” என்று கிழக்கு கேலரியைப் பார்த்துக் கத்தினான்.

தண்டாயுதம் கடிகாரத்தை ஓடவிட்டார், மிச்ச நேரம் தீரும்வரை காத்திருந்தார், ஊதினார். விசிலில் காற்று மட்டும்தான் வந்தது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. ஒன்றுக்கு ஒன்று. சங்கன்துறை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

கேலரி காலியான வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தது. பிறகு வறுவேல், “அது எமில்டா போட்ட சூரைக் கொழம்புலே. அந்தக் கொழம்புதான் தாவுச்சு” என்றார். யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள், கடைசியில் எல்லோருமாகச் சிக்கந்தரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள், தோற்ற ஊர் எதிரணி கீப்பரைத் தூக்கிச் சுற்றியது அந்தக் கடற்கரையில் அதுதான் முதல் தடவை. தண்டாயுதம் பந்தடி நிறுத்தத்தில் நின்று இரண்டு பஸ்களைப் போகவிட்டு மூன்றாவதில் ஏறினார். அதற்கு முன்னால்தான் முதல்முறையாக ஒரு வீட்டில் நேராகக் கை நீட்டிச் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கைக்கணக்கில் ஜெயித்து ஹேமலதா வேலையில் சேர்ந்தாள். முதல் காரியமாக டெல்லஸை விற்றாள். இரண்டாவது காரியமாகச் சிக்கந்தரை வாங்கினாள்.

கிளீட்டஸ் எமில்டாவோடு பேசவில்லை. கோயிலில் அவள் இந்தப் பக்கத்தில் முழங்காலிட்டால் அவர் அந்தப் பக்கத்தில் முழங்காலிட்டார். அவள் குழம்பு கொடுத்தனுப்பினால் தூக்குவாளி கழுவித் திரும்பி வந்தது, உள்ளே இருந்ததை அவர் தின்றாரா கொட்டினாரா என்று தெரியவில்லை. ஏலத்தில் அவள் குரல் கம்மிப்போனது, விலை ஏறவில்லை, படகுக்காரர்களே, “நீ போயி அவரு கால்ல விழு தாயி” என்றார்கள். அவள் போகவில்லை. தான் சொன்னது சரியென்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் வலித்தது, இரண்டும் ஒரே கூடையில் கிடந்தன.

தவக்காலம் போய், மழை வந்து, கடல் அடங்கி, இரண்டாம் டிவிஷனின் முதல் ஆட்டம் வந்தது. எமில்டா தன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கியபிறகு பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். திரும்பாமலே தெரிந்தது. கசங்கிய சட்டை, வேர்க்கடலைப் பொட்டலம். ஆடுகிற காலத்தில் மைதானத்துக்குள்ளும், ஆட்டத்தை விட்டபிறகு கௌரவ நாற்காலியிலும் இருந்த மனுஷன், வாழ்நாளில் முதல்தரமாகக் கேலரியின் சிமென்ட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் மைதானத்தையே பார்த்தாள். அவரும் மைதானத்தையே பார்த்தார்.

நம்ம பையன் ஒருவன், புதிதாக வாங்கிய இருவரில் ஒருவன், காலியான கோலுக்கு முன்னால் பந்தை வானத்துக்கு அடித்தான். அது சாதாரணமாகக் கீழே வந்தது.

எதிரியிடம்கூட ஒரு கடுஞ்சொல் பேசியறியாத கிளீட்டஸ் எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. “லேய்! ஒனக்கு அது காலா, துடுப்பாலே! இவன எவன்லே வாங்குனது? டெல்லஸ வித்துட்டு இந்தத் துடுப்பையா வாங்குனா அந்தப் பொம்பள? இவள மேனேஜராக்குன கூதறை ஆருலே?”

சுற்றியிருந்தவர்கள் எமில்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எமில்டா மெதுவாகச் சொன்னாள்: “நான்தான்.”

“ஒனக்குப் புத்தி இருக்கா?” என்று அவள் பக்கம் திரும்பினார். இத்தனை மாதத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. “இருக்கானு கேக்கேன். கீப்பர வாங்குனா, சரி, ஒத்துக்கிடுகேன். நடுவுல ஆள் எங்க? இடது பக்கம் ஆரு ஓடுவா? நீயா ஓடுவே?”

“ஓடுகேன். ஒம்ம தொப்பைய விட வேகமா ஓடுவேன்.”

“ஓடி என்னத்தப் பிடிப்ப, அயிலையா?”

“முட்டாள்தனமாப் பேசாதீரும். அந்தப் பையனுக்குப் பத்தொம்பது வயசு. ஒரு வருஷம் பொறும்.”

“ஒரு வருஷமா? நான் இப்பவே இறங்கி...”

அவர்கள் இடைவேளை முழுக்கச் சண்டை போட்டார்கள். இரண்டாம் பாதியில் நம்ம ஆட்கள் ஒரு கோல் போட்டார்கள், அதையும் அவர்கள் பார்க்கவில்லை, சத்தம் கேட்டுத் திரும்பி, யார் போட்டது என்று பின்வரிசையில் கேட்டார்கள், அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் என்று தெரிந்ததும் எமில்டா அண்ணனைப் பார்த்தாள். “குருட்டடி” என்றார் கிளீட்டஸ், வேர்க்கடலைப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டு, அடுத்ததைத் திட்டுவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.